கம்ரேட்ஸ் ஓட்டத்தில் பஸ் பிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே வருடாவருடம் நடக்கும் கம்ரேட்ஸ் ஓட்டத்தின் தூரம் 86 முதல் 90 கிலோமீட்டர். வருடத்துக்கு வருடம் பாதை சற்று மாறுவதால் தூரமும் மாறும். பெரும்பாலும் ஒரு வருடம் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறு ஓட்டம், மறு வருடம் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கு ஓட்டம். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 12 மணி நேரம்தான் கணக்கு. ஒரு நொடி தாண்டினாலும் பதக்கம் கிடையாது.

முதல் தடவை போகிறவர்கள் காலுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். வழியில் கிடைக்கும் துணையையும் உபசாரத்தையும் எப்படி வாங்கிக்கொள்வது என்று யாரும் பழகுவதில்லை. பாதை நெடுக நாற்பதுக்கு மேல் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிமிடம் நின்றாலே 40 நிமிடம் போய்விடும். கடைசியில் ஐந்து நிமிடத்தில் பதக்கத்தைக் கோட்டைவிடுகிறவர்களில் பலர் ஓடமுடியாமல் தோற்றவர்கள் அல்ல, நின்று நின்று தோற்றவர்கள்.

முதலில் பஸ். இங்கே பஸ் என்பது ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடும் கூட்டம். முன்னால் கொடியோடு போகிறவர் டிரைவர். கொடியில் 9, 10, 11, 12 என்று முடிக்கும் நேரம் எழுதியிருக்கும். சம்பளம் வாங்காத, பல வருடம் இதே சாலையில் ஓடித் தேர்ந்த ஆட்கள் இவர்கள். டிக்கெட்டும் கிடையாது, பெயர் கொடுக்கவும் வேண்டாம், போய்ச் சேர்ந்துகொண்டால் போதும்.

ஆனால் கொடியை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். தொடங்குமுன்பு டிரைவரைக் கண்டுபிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத் திட்டம்? 12 மணி பஸ் என்றால் நல்ல டிரைவர் 11 மணி 50 நிமிடம் என்பார், 11:59 என்பவரிடம் ஏறுவது சூதாட்டம். தொடக்கக் கோட்டைத் தாண்டுவதற்குள் போகும் நேரத்தைக் கழித்தீர்களா? பின்வரிசையில் நிற்பவருக்குத் துப்பாக்கி வெடித்த பிறகு கோட்டை மிதிக்கவே ஏழெட்டு நிமிடம் ஆகலாம், கடிகாரமோ வெடித்ததிலிருந்தே ஓடுகிறது. மூன்றாவது, எங்கெங்கே நடை?

கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 720 நிமிடத்தை 88 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 11 நொடி. 10 நிமிடம் மிச்சம் வைத்து, தொடக்கத்தில் போன 8 நிமிடத்தையும் கழித்தால் 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பந்தல், நடை, சிறுநீர் எல்லாம் அடக்கம். ஆகவே ஓடும்போது ஏழு நிமிடச் சொச்சத்தில் ஓடியாக வேண்டும். சாலையோரப் பலகைகள் ஓடிய தூரத்தைக் காட்டாது, மிச்சமுள்ள தூரத்தைத்தான் காட்டும். களைத்த தலைக்கு அதைக் கழித்துக் கூட்டத் தெரியாது. இடைவழிக் கெடு நேரங்களையும் அந்த வருட அட்டவணை பார்த்து முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பஸ்ஸில் இடம் பிடிப்பதும் ஒரு கலை. பந்தல் வரும்போது முன்வரிசை மெதுவாகும், நடுவரிசை நடக்கும், கடைசி வரிசை நின்றே போகும். முன்வரிசை மறுபடி ஓடத் தொடங்கும்போது கடைசி வரிசை இன்னும் கை நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதைப் பிடிக்க வேகமாக ஓட வேண்டும். ஒவ்வொரு பந்தலிலும் இதே கதை என்றால் நாற்பது குட்டி ஓட்டப்பந்தயம் ஆகிவிடும், 60-ஆவது கிலோமீட்டரில் தொடை அதைச் சொல்லிக் காட்டும். எனவே பந்தலுக்கு 200 மீட்டர் முன்பே பஸ்ஸின் முன்பகுதிக்கு வந்துவிடுங்கள். முதல் மேஜையை விட்டுவிட்டுக் கடைசி மேஜைக்குப் போங்கள். கூட்டமெல்லாம் முதல் மேஜையில்தான் முட்டிக்கொண்டு நிற்கும்.

நெருக்கத்தில் தரை தெரியாது. சாலையின் நடுவில் பதித்திருக்கும் ஒளிக்கண்கள், 'கேட்ஸ் ஐ' என்பார்கள், வருடாவருடம் யாரையாவது குப்புறத் தள்ளுகின்றன. முன்னால் இருப்பவர் கையால் காட்டிக் கத்துவார், நீங்களும் அப்படியே பின்னால் கத்திக் கடத்துங்கள். நடக்க வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி, ஓரத்துக்கு வந்து, பிறகு நடங்கள். நடுவில் சட்டென்று நின்றால் பின்னால் வருபவர் முட்டியோடு உங்கள் முதுகில் இருப்பார்.

பஸ்ஸில் பாட்டு ஓயாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், பெரும்பாலும் ஜூலு மொழியில். நம்மூர் நாற்று நடவுப் பாட்டு கேட்ட காதுக்கு இது புதிதே இல்லை. சொல் தெரியாவிட்டாலும் எதிர்ப்பாட்டு பாடிப் பாருங்கள். பாட மூச்சு இருந்தால் வேகம் சரி. ஒரு வரிகூட வரவில்லை என்றால் அது உங்கள் பஸ் இல்லை, அடுத்ததற்குக் காத்திருங்கள்.

பஸ் விட்டுப் போய்விட்டதா? ஏற்றத்தில் துரத்தவே கூடாது. 200 மீட்டர் இடைவெளியோடு தொடருங்கள், அடுத்த பந்தலில் அது மெதுவாகும். மூன்று கிலோமீட்டர் ஆகியும் இடைவெளி குறையாவிட்டால் விட்டுவிடுங்கள். கவ்வீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து பெரிய மேடுகளில் ஒன்றிலாவது எல்லோருக்கும் இது நடக்கும். ஏறு ஓட்டத்தில் பாலி ஷார்ட்ஸ் வரும்போது எண்பது கிலோமீட்டர் அளவுக்குக் காலில் ஏறியிருக்கும். பஸ் முழுக்க நடந்தே ஏறும் இடம் அது, அங்கே ஓடிக் காட்ட நினைக்காதீர்கள்.

இனி கைக்கு வருவதைப் பார்ப்போம். தண்ணீரும் சத்துப்பானமும் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில்தான். நம்மூர் தண்ணீர் பாக்கெட்தான், அளவில் சிறியது. மூலை வெளியே தெரியும்படி உள்ளங்கையில் பிடித்து, நுனியை மட்டும் பல்லால் கடித்து, அழுத்தி அழுத்திக் குடிக்க வேண்டும். நடுவில் கடித்தால் பாதி சட்டையில். இரண்டு வாங்குங்கள், ஒன்று வாய்க்கு, ஒன்று பிடரிக்கு. தீர்ந்ததை நன்றாகப் பிதுக்கிவிட்டுத் தொட்டியில் போடுங்கள். பாதி நிறைந்த பாக்கெட் பின்னால் வருபவர் காலடியில் வழுக்கும், இல்லையென்றால் வெடித்து அவர் காலுறையை நனைக்கும். நனைந்த காலுறையோடு 40 கிலோமீட்டர் என்றால் கொப்புளம் நிச்சயம்.

கொடுக்கிறார்களே என்று எல்லாப் பந்தலிலும் குடிக்காதீர்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, வயிறு குலுங்குவது, குமட்டல், தலைவலி இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கலாம். வறட்சி என்று நினைத்து மேலும் குடிப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்தில் சொல்லுங்கள்.

உண்மையான விருந்து உருளைக்கிழங்கு. சின்னச் சின்னதாக வேகவைத்து, பக்கத்தில் உப்போடு தட்டில் வைத்திருப்பார்கள். 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஜெல்லின், அதாவது ஓட்டக்காரர்கள் தெம்புக்குச் சாப்பிடும் சர்க்கரைக் கூழின், இனிப்பு நாக்கிலேயே ஏறாது, அப்போது உப்புக் கிழங்கு அமுதம். அதற்காக முழுதாக வாயில் போட்டு ஓடாதீர்கள், வறண்ட தொண்டையில் மாவுக் கிழங்கு அடைத்துக்கொள்ளும். உப்பில் ஒரு தொடு, பாதிக் கடி, நடந்துகொண்டே மெல்லுதல், ஒரு வாய் தண்ணீர், பிறகு மீதிப் பாதி. ஆரஞ்சுத் துண்டையும் தைரியமாக வாங்கலாம்.

சாலையோரக் குடும்பங்கள் காலையிலேயே நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, இறைச்சி சுடத் தொடங்கிவிடும். 'ப்ராய்' என்பார்கள். புகை உங்களைப் பாடாய்ப் படுத்தும். தொத்திறைச்சியும் பீரும் நீட்டுவார்கள், சிரித்து நெஞ்சில் கைவைத்து நகருங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் வலி மாத்திரை மட்டும் கண்டிப்பாக வேண்டாம். உடல் வறண்டிருக்கும்போது இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். குச்சியில் வெள்ளையாக எதையாவது நீட்டினால் அது உரசலுக்குத் தடவும் வாஸ்லின். பெரிய ஓட்டங்களில் அதை ஜெல் என்று நினைத்து வாயில் போட்டவர்கள் உண்டு.

எண் அட்டையில் உங்கள் பெயர் இருக்கும், அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பாலசுப்ரமணியன் என்று பதிவு செய்தால் ஊரே மௌனம் காக்கும், பாலா என்று போடுங்கள். பதிலுக்கு இரண்டு ஜூலு சொற்கள் போதும். நன்றிக்கு 'ஙியாபோங்கா'. வணக்கத்துக்கு 'சாவுபோனா'. 70-ஆவது கிலோமீட்டரில் தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும், ஆனால் 'உங்களைக் கண்டோம்' என்பதே பொருள். வணக்கம் என்றே சொன்னாலும் சில முகங்கள் மலரும். சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் இந்த இரண்டு நகரங்களிலும் நிறைய. பேச்சு ஆங்கிலம்தான், பெயர்கள் மட்டும் பிள்ளை, நாயுடு என்று நிற்கின்றன.

அவர்களுடைய தாத்தாக்களால் இதில் பெயர் கொடுக்க முடிந்ததில்லை. 1921-இல் 34 பேரோடு தொடங்கிய ஓட்டம், கறுப்பர், இந்தியர், பெண்கள் எல்லோருக்கும் 1975-இல்தான் கதவைத் திறந்தது. 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் அனுமதி மறுத்தும் ஓடி முடித்தார். பதக்கம் தரவில்லை, சக ஓட்டக்காரர்களும் பார்த்தவர்களும் சேர்ந்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். இந்தச் சாலையின் உபசாரம் விதிமுறையைவிடப் பெருந்தன்மையானது என்பதற்கு அதுவே சாட்சி.

இஞ்சாங்காவில் எதெம்பெனி பள்ளி வரும். 'நம்பிக்கை உள்ள இடம்' என்று பொருள். உடல் ஊனமும் பார்வைக் குறையும் உள்ள பிள்ளைகள் சாலையோரம் வரிசையாகக் கை நீட்டிக் காத்திருப்பார்கள். உங்கள் கணக்கில் இதற்கென்று இரண்டு நிமிடம் முன்கூட்டியே ஒதுக்குங்கள். பஸ்ஸிலிருந்து ஓரத்துக்கு வந்து, நடை வேகத்துக்குக் குறைத்து, கையைச் சக்கர நாற்காலி உயரத்துக்கு இறக்குங்கள். ஓடுகிற வேகத்தில் அடித்தால் வலிக்கும். கண் தெரியாத பிள்ளைக்கு முதலில் குரல், பிறகு விரல்நுனி. ஜெல் ஒட்டிய கையை அதற்குமுன் ஒரு பாக்கெட் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

பாதிவழியில் வரும் டிரம்மண்டுக்கு அருகே சாலையோர மண்மேட்டில் ஆர்தர் இருக்கை என்றொரு குழி. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் இளைப்பாறிய இடம் என்பார்கள். ஒரு பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லிப் போனால் இரண்டாம் பாதி நன்றாகப் போகுமாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, நின்றால் பத்து நொடிக்கு மேல் வேண்டாம்.

விழுந்தவரைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எண் அட்டையையும் அருகிலுள்ள பலகையையும் பார்த்து மனதில் வைத்து, அடுத்த பந்தலில் சொல்லுங்கள். சோர்ந்து நடப்பவர் என்றால் பக்கத்தில் ஒரு நிமிடம் நடந்து, வரும் பஸ்ஸின் நடுவில் சேர்த்துவிடுவதே பெரிய உதவி.

முடியாமல் போனால் உங்களை ஏற்றிக்கொள்ள நிஜமான பஸ் பின்னால் வரும். அதற்கும் ஒழுங்கு உண்டு. எண் அட்டையைக் கழற்றாதீர்கள், உங்களைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், ஐந்து மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும், வியர்த்த உடம்பு சட்டென்று நடுங்கத் தொடங்கும். ஏறியதும் போர்வை கேளுங்கள், ஈரச் சட்டையைக் கழற்றுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் அழுதால் அழ விடுங்கள். இடுப்புப் பையில் உருளைக்கிழங்கு மிச்சமிருந்தால் ஒன்றை நீட்டலாம்.