சொந்த ரிசர்வ்ஸ் அணியை நடத்துவது எப்படி? ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகங்கள் காட்டும் வழி

ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சத் தொடரான ஏஎஃப்எல்லில் ஆடும் கழகம் ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குச் சற்று அதிகமான ஒப்பந்த வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வார இறுதியில் முதல் அணியில் 23 பேருக்குத்தான் இடம் உண்டு. மற்றவர்கள் அந்த வாரம் எங்கே ஆடுவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. மாநிலத் தொடரில் ஏற்கெனவே ஆடிவரும் வேறொரு கழகத்தோடு இணைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்களை அந்தக் கழகத்தின் சட்டையில் ஆட அனுப்பலாம். அல்லது அதே தொடரில் தன் பெயரில், தன் சட்டையில், தான் நியமித்த பயிற்சியாளரின் கீழ் ஒரு ரிசர்வ்ஸ் அணியை இறக்கலாம். இரண்டாவது வழியில் போக முடிவெடுத்த, அல்லது முடிவெடுக்கலாமா என்று யோசிக்கிற நிர்வாகக் குழுவினருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

மெல்பர்னில் இது புதிய ஏற்பாடு அல்ல. 1919 முதல் 1999 வரை பெரிய கழகங்களின் ரிசர்வ்ஸ் அணிகளுக்கென்றே ஒரு போட்டி இருந்தது. பெரும்பாலும் முதல் அணியின் ஆட்டத்துக்கு முன்னால், அதே மைதானத்தில், அரைகுறைக் கூட்டத்தின் முன் அது நடக்கும். 2000 முதல் விஎஃப்எல் எனப்படும் விக்டோரிய மாநிலத் தொடரே அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. ஜீலாங் அப்போதிருந்தே சொந்த அணியை வைத்துக்கொண்டது. மற்ற கழகங்கள் பல இணைப்பை நாடின, பின்னர் ஒவ்வொன்றாக வெளியேறின. காலிங்வுட் 2008இல் வில்லியம்ஸ்டவுனை விட்டு விலகியது. எசென்டன் 2013இல் பெண்டிகோவை விட்டும், ரிச்மண்ட் 2014இல் கோபர்க்கை விட்டும் வந்தன. கார்ல்டன் 2021இல் தன் பெயரில் அணியை இறக்கியது.

எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக நீங்களும் போக வேண்டியதில்லை. ஹாதார்னும் பாக்ஸ் ஹில்லும் 2000 முதல் சேர்ந்தே இயங்குகின்றன. 2013இல் ஹாதார்ன் ஏஎஃப்எல் பட்டத்தையும் பாக்ஸ் ஹில் விஎஃப்எல் பட்டத்தையும் வென்றன. பாக்ஸ் ஹில்லில் ஆடிக்கொண்டிருந்த ஜாய் நியூகோம்பை ஹாதார்ன் 2021இன் பருவநடு டிராஃப்டில், அதாவது ஏஎஃப்எல் கழகங்கள் பருவத்தின் நடுவில் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், எடுத்து முன்னணி வீரராக ஆக்கியது. நன்றாக ஓடும் இணைப்பைக் கௌரவத்துக்காகக் கலைப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. உங்கள் வீரரை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஆடவைப்பது என்பதை இணைப்புக் கழகத்தின் பயிற்சியாளர் தன் வெற்றிக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார், அதை உங்களால் மாற்ற முடியவில்லை என்ற நிலை வந்தால்தான் சொந்த அணிக்கான உண்மையான காரணம் பிறக்கிறது.

முடிவெடுத்துவிட்டால் முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பட்டியலில் 44 பேர் என்று வைத்துக்கொள்வோம். 23 பேர் முதல் அணிக்குப் போய்விட்டார்கள், மிச்சம் 21. பருவத்தின் நடுப்பகுதியில் எட்டுப் பேர் காயத்தில் இருப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல, ஆக 13. முதல் அணியில் கடைசி நேரத்தில் யாராவது விலகினால் இறங்குவதற்காக எமர்ஜென்சியாகக் காத்திருக்க வேண்டியவர்களில் இருவர் வெளியூருக்குப் பறந்துவிட்டால் 11. ரிசர்வ்ஸ் ஆட்டத்துக்குக் களத்தில் 18 பேரும், மாற்று வீரர்களைச் சேர்த்தால் 22, 23 பேரும் தேவைப்படுகிறார்கள். அதாவது சாதாரணமான ஒரு வாரத்திலேயே அணியில் பாதிப் பேர் ஏஎஃப்எல் ஒப்பந்தம் இல்லாத, விஎஃப்எல் பட்டியலில் மட்டும் இருக்கிற உள்ளூர் வீரர்கள். மோசமான வாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் அவர்களே. ரிசர்வ்ஸ் என்றால் முதல் அணியில் இடம் கிடைக்காத நட்சத்திரங்களின் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு பணத்தையும் கவனத்தையும் அந்தப் பக்கமே கொட்டும் கழகம், ஜூன் மாதத்துக்குள் ஆள் கிடைக்காமல் திண்டாடும்.

ஆகவே அந்த இருபது, இருபத்தைந்து உள்ளூர் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சோதனைப் பயிற்சிக்கு வருபவர்களில் திறமை வரிசைப்படி முதல் இருபது பேரை எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் தவறு. முதல் அணியிலிருந்து இறங்கிவருபவர்கள் பெரும்பாலும் சிறிய முன்கள வீரர்களும் நடுக்கள வீரர்களுமே; பந்தை நடுவர் மேலே எறியும்போது எம்பித் தட்டும் ரக்மன் ஒவ்வொரு கழகத்திலும் மூன்று அல்லது நான்கு பேர்தான் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்தவர் உடனே மேலே போய்விடுவார். ஆகவே உள்ளூர் பட்டியலில் நம்பத்தகுந்த ரக்மன்கள் இருவர், உயரமான பின்கள வீரர்கள் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இவர்களுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகியிருந்தால் இன்னும் நல்லது. ஏஎஃப்எல் கனவை ஓரளவு மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடுகிற அந்த வயதுக்காரர்தான், பதினெட்டு வயதுப் பையனுக்கு அருகில் நின்று எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று களத்திலேயே கத்திச் சொல்லிக்கொடுப்பார்.

அவர்களுடைய நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காலையில் ஆறரைக்கு மின்வேலைக்குப் போனவர், மாலை ஐந்தரைக்கு வேலைக் காலணியோடும் கையில் அழுக்கோடும் மைதான வாசலில் வண்டியை நிறுத்துகிறார். அதே நாளில் ஒப்பந்த வீரர்கள் காலையிலேயே பயிற்சியை முடித்து, மசாஜ் செய்துகொண்டு, சாப்பிட்டு, வீட்டுக்குப் போயிருப்பார்கள். சனிக்கிழமை இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஆட வேண்டும், ஆனால் வாரம் முழுவதும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. சொந்த அணி நடத்தும் எல்லாக் கழகங்களுக்கும் உள்ள பெரிய சிக்கல் இதுதான். இதற்கு மாய மருந்து எதுவும் கிடையாது. வாரத்தில் ஒரு மாலைப் பயிற்சியையாவது, முதல் அணியில் இடம்பெற வாய்ப்பில்லாத ஒப்பந்த வீரர்கள் உள்ளூர் வீரர்களோடு சேர்ந்து செய்யும்படி அட்டவணையை வளைக்க வேண்டும். உடற்பயிற்சிப் பிரிவினர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அதோடு, அன்று மாலை உணவு அறையில் இரு தரப்புக்கும் ஒரே சாப்பாடு இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு ஒரு தட்டு, மற்றவருக்கு மிச்சம் மீதி என்று ஒருமுறை ஆகிவிட்டால் அந்தப் பேச்சு பருவம் முடியும் வரை ஓயாது.

உள்ளூர் வீரர்கள் தேர்வாகாத வாரத்தில் தங்கள் புறநகர்க் கழகத்துக்குப் போய் ஆடுவார்கள். அந்தப் புறநகர்க் கழகமும் தன் அணியை அறிவித்தாக வேண்டும் என்பதைப் பல மேலாளர்கள் மறந்துவிடுகிறார்கள். வியாழக்கிழமை இரவுக்குள் யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுவதை எழுதாத சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை முதல் அணியில் யாராவது காய்ச்சலில் விழுந்து, அதனால் ரிசர்வ்ஸில் ஓர் இடம் காலியானால், நீங்கள் தொலைபேசியில் கெஞ்சப்போவது அந்தப் புறநகர்க் கழகத்தின் பயிற்சியாளரிடம்தான். அவரோடு உறவு நன்றாக இருந்தால் வீரர் வருவார். இல்லையென்றால் 'நாங்கள் அணியை அறிவித்துவிட்டோமே' என்ற பதில்தான் வரும்.

பயிற்சியாளர் நியமனத்தில், வெற்றிக்கு வெறிகொண்டவரைவிடப் பொறுமைசாலி நல்லவர் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோற்றாலும் பரவாயில்லை என்று நினைக்கும் அணியில் இளைஞர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் ரிசர்வ்ஸ் பயிற்சியாளர் முதல் அணியின் பயிற்சியாளர் குழுவில் ஓர் உறுப்பினராக இருக்க வேண்டும். தேர்வுக் கூட்டத்தில் உட்கார வேண்டும். முதல் அணி பயன்படுத்தும் அதே ஆட்டத் திட்டத்தை, அதே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். பின்களத்திலிருந்து பந்தை வெளியே கொண்டுவரும் முறைக்கு மேலே ஒரு பெயரும் கீழே வேறொரு பெயரும் இருந்தால் சொந்த அணி வைத்திருப்பதன் பலனில் பாதி போய்விடுகிறது.

இதன் பலன் என்னவென்று பார்க்க 2019 செப்டம்பரின் கடைசி இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்ளலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்த, 27 வயதான மார்லியன் பிக்கெட்டை அந்த ஆண்டின் பருவநடு டிராஃப்டில் ரிச்மண்ட் எடுத்திருந்தது. 22ஆம் தேதி நடந்த விஎஃப்எல் இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டின் ரிசர்வ்ஸ் அணி வில்லியம்ஸ்டவுனை மூன்று புள்ளிகளில் வென்றது; பிக்கெட் அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆறே நாளில், 28ஆம் தேதி, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த ஏஎஃப்எல் இறுதி ஆட்டத்தில் அவர் முதன்முறையாக முதல் அணியில் இறங்கினார். இறுதி ஆட்டத்திலேயே அறிமுகமாவது 1952க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பிக்கெட் 22 முறை பந்தைக் கையாண்டு ஒரு கோலும் அடித்தார். அவருடைய திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வேறொரு கழகத்தின் திட்டத்தில் ஆடிவந்த ஒருவரை அவ்வளவு பெரிய நாளில் இறக்க எந்தப் பயிற்சியாளரும் இருமுறை யோசிப்பார். ரிச்மண்ட் தன் கண்ணெதிரே, தன் முறையில் ஆடியவரை இறக்கியது.

காயத்திலிருந்து திரும்புபவர்களைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை. தொடைத் தசை கிழிந்து ஆறு வாரம் கழித்து வரும் நடுக்கள வீரருக்கு மருத்துவக் குழு பாதி ஆட்டம்தான் அனுமதிக்கும். அப்படி ஒருவரை வைத்துச் சமாளிக்கலாம், இருவரையும் தாங்கலாம். மூன்று பேர் இடைவேளையோடு உட்கார்ந்துவிட்டால் கடைசிக் கால்பகுதியில் மாற்று ஆளே இல்லாமல் மற்றவர்கள் ஓடி ஓடிச் சாய்வார்கள், அப்போதுதான் புதிய காயங்கள் ஏற்படும். ஒரே ஆட்டத்தில் இருவருக்கு மேல் வேண்டாம் என்பதை மருத்துவக் குழுவோடு பருவம் தொடங்கும் முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர் விஷயத்தில் பேரம் எதற்கும் இடமில்லை: ஏஎஃப்எல் விதிப்படி குறைந்தது 12 நாள் ஆகும், ரிசர்வ்ஸ் ஆட்டம்தானே என்று அதைச் சுருக்கக் கூடாது.

சட்டையும் மைதானமும் பெயரும் அற்ப விஷயங்கள் போலத் தோன்றும். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 2014இல் சொந்த அணி தொடங்கியபோது, தான் கைவிட்டிருந்த ஃபுட்ஸ்க்ரே என்ற பழைய பெயரை அதற்குச் சூட்டியது, ஆட்டங்களைப் பழைய விட்டன் ஓவலுக்குக் கொண்டுவந்தது. அந்த அணி முதல் ஆண்டிலேயே விஎஃப்எல் பட்டத்தை வென்றது; 2016இல் மீண்டும் வென்றது, அதே ஆண்டில் முதல் அணியும் 1954க்குப் பிறகு தன் முதல் ஏஎஃப்எல் பட்டத்தைப் பிடித்தது. பெயரால் பட்டம் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய அரங்கத்துக்கு நகர்ந்துவிட்ட கழகத்தின் பழைய ரசிகர், வேலியோரம் சாய்ந்து நின்று, வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. உங்கள் பழைய மைதானம் இன்னும் இருந்தால் அங்கேயே ஆடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: இணைப்பில் பாதியாகப் பிரிந்திருந்த செலவு இப்போது முழுக்க உங்கள் தலையில்தான் விழும். பயணம், சலவை, மருத்துவர், தண்ணீர் கொடுப்பவர் வரை எல்லாமே இரட்டிப்பாகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

தொடரில் ஏற்கெனவே இருக்கும் கழகங்கள் உங்களை வரவேற்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பெரிய கழகத்தின் இரண்டாம் அணி உள்ளே வந்து தங்கள் வீரர்களை இழுத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு நியாயமாகவே இருக்கும். அதனால் நீங்கள் யாரை எடுக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் வைப்பார்கள். 2019இல் மேற்கு ஆஸ்திரேலியத் தொடரில் சொந்த அணியை இறக்கிய வெஸ்ட் கோஸ்ட், முதல் அணியில் காயங்கள் குவிந்த ஆண்டுகளில் அங்கே படுதோல்விகளைச் சந்தித்தது. அதே தொடரில் பீல் தண்டரோடு இணைந்திருந்த ஃப்ரீமேன்டல், 2016இலும் 2017இலும் தன் வீரர்கள் ஆடிய அணி பட்டம் வெல்வதைப் பார்த்தது. ஆகவே தொடரில் சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், காயக் காலத்தில் கூடுதல் உள்ளூர் வீரர்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்கிவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, நீங்கள் வளர்த்த உள்ளூர் வீரர் உங்களுக்குச் சொந்தமானவர் அல்ல. ரிச்மண்டின் விஎஃப்எல் அணியில் ஆடிய மாசிமோ டாம்ப்ரோசியோவை 2022இன் பருவநடு டிராஃப்டில் எசென்டன் எடுத்துக்கொண்டது. இப்படி நடக்கும்போது சில கழகங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அப்படிச் செய்யாமல், டிராஃப்டு நடக்கும் இரவில் அவரையும் அவர் குடும்பத்தாரையும் கழகத்துக்கே அழைத்து, பெயர் அறிவிக்கப்படுவதை அங்கேயே எல்லோரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த நவம்பரில் சோதனைப் பயிற்சிக்கு வாசலில் நிற்கப்போகும் பையன்கள், போன ஆண்டு இங்கிருந்து யார் மேலே போனார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள்.