காலநிலை நலிவை அளக்கும்போது எண்ண மறப்பவை: இனப்பெருக்க நலத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ள வரைபடத்தின் மேல் கர்ப்பிணிகளின் எண்ணிக்கையை ஏற்றி, எண் மிகுந்த ஒன்றியங்களுக்குச் சிவப்பு தீட்டிவிட்டால் காலநிலை நலிவு மதிப்பீடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் பாலியல், இனப்பெருக்க நலத் திட்டங்களில் பரவலாக இருக்கிறது. இடர் ஒன்று வரும்போது எளிதில் பாதிப்புக்குள்ளாகும் நிலையையே இங்கே ‘நலிவு’ என்கிறோம். ஒரு பெண்ணுக்கும் அவளுக்குத் தேவையான சேவைக்கும் இடையிலான தொடர்பு எந்த நாளில், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதைக் கண்டறிந்தால்தான் நலிவை அளந்ததாகும். அதை விட்டுவிட்டு, கைக்கு எளிதாகக் கிடைக்கும் வேறொன்றை எண்ணிவிடுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

2022இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்தபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ 6,50,000 கர்ப்பிணிகள் இருப்பதாகவும், அவர்களில் 73,000 பேருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் பிரசவம் ஆகலாம் என்றும் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. மருந்தும் பிரசவப் பெட்டிகளும் திரட்டுவதற்கு அந்த எண் இன்றியமையாதது. ஆயினும் இடரின் வீச்சுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அவர்களில் யாருக்கு மேடான இடத்தில் உறவினர் வீடு இருந்தது, யாருக்கு முந்தைய பிரசவம் அறுவைச் சிகிச்சையாக இருந்தது, யாருடைய ஊர்ப் பாலம் இடிந்தது என்பவை வேறு கேள்விகள். காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, வீச்சுக்குள் இருத்தல், உணர்திறன் (இடர் எவ்வளவு எளிதில் தாக்கும் என்பது), தகவமைக்கும் திறன் (அதைச் சமாளிக்கும் ஆற்றல்) ஆகிய மூன்றும் சேர்ந்ததே நலிவு என்றது. 2014ஆம் ஆண்டு அறிக்கையோ, வீச்சுக்குள் இருத்தலை நலிவிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது. இரண்டில் எதைப் பின்பற்றினாலும் குற்றமில்லை. முன்னுரையில் ஒன்றை எடுத்துக்கொண்டு அட்டவணையில் மற்றொன்றைப் பயன்படுத்தும்போது, ஒரே வெள்ளம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்த தவறு, பகுதியில் எத்தனை கர்ப்பிணிகள் இருப்பார்கள் என்ற அடிப்படைக் கணக்கிலேயே நேர்கிறது. பேரிடர் தொடங்கியவுடன் வழங்க வேண்டிய குறைந்தபட்ச இனப்பெருக்க நலச் சேவைத் தொகுப்புக்கான கணிப்பில், உள்ளூர்த் தரவு கிடைக்காத இடங்களுக்காக, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 40 பிறப்பு என்ற ஊகம் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறையின்படி பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13.8. ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் முதல் கணக்கு ஆண்டுக்கு 4,000 பிறப்புகளையும், இரண்டாவது 1,380 பிறப்புகளையும் காட்டும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு இது. கணிப்புத் தாளில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டால், அறிக்கை வேறொரு நாட்டைப் பற்றியதாகிவிடும்.

பிறப்பு விகிதத்தைச் சரியாக எடுத்துக்கொண்டாலும், கர்ப்பிணி எங்கே இருக்கிறாள் என்ற சிக்கல் தீராது. நம்மிடம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். திருவாரூர் பக்கம் கணவன் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்கான அரசு அடையாள எண்ணான பிக்மி எண் வாங்கிய பெண், நவம்பர் மாதத்தில் புயல் கரையேறும்போது வேதாரண்யத்துக்கு அருகே தாய்வீட்டில் இருக்கக்கூடும். பதிவேட்டை அப்படியே வரைபடத்தில் ஏற்றினால், அவள் இல்லாத ஊருக்கு அவசர ஊர்தித் தேவை கூடுதலாகவும், இருக்கும் ஊருக்குக் குறைவாகவும் தெரியும். எட்டாம், ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிகளை மட்டுமாவது பதிவான முகவரியில் அல்லாமல் தங்கியிருக்கும் முகவரியில் எண்ண வேண்டும். கிராம சுகாதார செவிலியருக்கு இது தெரிந்த செய்திதான். கணிப்பொறியில் அதற்கென்று ஒரு கட்டம் வைக்க வேண்டும், அவ்வளவே.

நிலையைக் காட்டும் அளவாக எந்தச் சுட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கண்மூடித்தனம் உண்டு. மருத்துவமனைப் பிரசவ விகிதம் உலக அளவிலான பல குறியீடுகளில் இடம்பெறுவது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அது 99.6 விழுக்காடு. எல்லா மாவட்டமும் நூறை ஒட்டியே நிற்கும்போது, மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள வேறுபாட்டை அந்தச் சுட்டி எப்படிக் காட்டும்? மழை இல்லாத நாளில் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரம், சாலை மூழ்கிய நாளில் எவ்வளவு நேரம் என்ற இரண்டு எண்களும், அவற்றுக்கிடையிலான வித்தியாசமும் அதைவிடப் பன்மடங்கு பேசும்.

இடமும் பருவமும்

மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளின் இடக்குறிப்புகளை வெள்ள வரைபடத்தோடு பொருத்துவோர் அடிக்கடி தவறவிடும் ஒரு செய்தி உண்டு. பதிலளித்தவர்களின் அடையாளம் வெளிப்படாமலிருக்க, அந்த இடக்குறிப்புகள் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டே வெளியிடப்படுகின்றன. நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், ஊரகத்தில் 5 கிலோமீட்டர் வரையும், ஊரகத்தின் ஒரு விழுக்காட்டு இடங்களில் 10 கிலோமீட்டர் வரையும் நகர்த்துவது வழக்கம். ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பெண்களைப் பிரித்தெடுத்து முடிவு எழுதும் ஆய்வாளர், உண்மையில் அந்தக் கரையில் வாழாதவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கலாம்.

ஆண்டுச் சராசரியும் இதேபோல ஏமாற்றும். வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையில், குல்னா மாவட்டத்துத் தாகோப் பகுதியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. கடல்நீர் உள்ளேறும் அந்தப் பகுதியில், குடிநீர் வழியாக மட்டும் ஒருவர் உடலில் சேரும் சோடியம், வறண்ட பருவத்தில் நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் வரையும், மழைக்காலத்தில் 0.6 முதல் 1.2 கிராம் வரையும் இருக்கும் என்று கணிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளில் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்கள் வறண்ட பருவத்தில் 12.2 விழுக்காடு, மழைக்காலத்தில் 5.1 விழுக்காடு. ஆண்டு முழுவதையும் கூட்டி வகுத்தால், இரண்டுக்கும் நடுவே யாருக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும். இரத்த அழுத்தக் கருவியும், கர்ப்பகால வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் எந்த மாதத்தில் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியாது. இதே ஆய்வில் சிறுநீர் வழியாக அளக்கப்பட்ட சோடியம் சராசரியாக நாளொன்றுக்கு 3.4 கிராம்தான். குடிநீரை வைத்துக் கணித்த அளவும், உடலில் அளந்த அளவும் இவ்வளவு விலகி நிற்கும்போது, அறிக்கையில் எதை எழுதுகிறோம் என்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வெப்பத்தை அளப்பதில் நேரும் தவறும் இதே வகைதான். மாவட்டத் தலைநகரில் உள்ள வானிலை நிலையத்தின் அதிகபட்ச வெப்பநிலை, செங்கல் சூளையின் ஓரத்தில் நிற்கும் பெண்ணின் வெப்பநிலை ஆகாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, வெப்பத்தை வேலை செய்யும் இடத்திலேயே அளந்தார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் வெயிலின் கதிர்வீச்சையும் சேர்த்துக் காட்டும் கருவியே பயன்படுத்தப்பட்டது. கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஒரே கிராமத்தில் உப்பளத்துக்குப் போகும் கர்ப்பிணியும், வீட்டுக்குள் தையல் வேலை செய்யும் கர்ப்பிணியும் இருக்கும்போது, கிராமத்துக்கு ஒரே மதிப்பெண் கொடுப்பதில் என்ன பயன்?

சேவைகள் எல்லாம் ஒரே மாதிரி அறுவதில்லை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘சுகாதார நிலையம் இயங்கியதா, இல்லையா’ என்று ஒரே கேள்வி கேட்டு, விடையை எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக்குவது பெரும்பிழை. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் குளிரூட்டி வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாள்களில் கட்டடமும் செவிலியரும் இருந்து, மருந்து மட்டும் வீரியம் இழந்திருந்தால், ‘இயங்கியது’ என்ற பதிவு உண்மையை மறைத்துவிடும். ஆகவே ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு, டீசல் எத்தனை நாளைக்கு இருக்கிறது, குளிர்பெட்டி அந்த இணைப்பில்தான் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அதே இரத்தப்போக்கைத் தடுக்கும், ஆனால் வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின் மருந்து கையிருப்பில் உள்ள நிலையத்தின் நலிவு வேறு, இல்லாத நிலையத்தின் நலிவு வேறு.

கருத்தடையிலும் அப்படித்தான். காப்பர்-டி போட்டுக்கொண்டவருக்கு மூன்று நாள் வெள்ளத்தால் சேவை அறுவதில்லை. மாத்திரை எடுப்பவருக்கு, அட்டை வீட்டோடு நனைந்துபோன அன்றே அறுந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசிக்கு, உரிய நாளிலிருந்து நான்கு வாரம் வரை தாமதம் ஏற்கத்தக்கது. எனவே ஒரு வாரப் புயலை அது தாங்கும், ஆறு வார இடம்பெயர்வைத் தாங்காது. ‘கருத்தடைப் பயன்பாடு’ என்று ஒரே விழுக்காடாகக் கூட்டிவைத்தால் இந்த வேறுபாடு முழுதும் கரைந்துபோகும். பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடையே பெரும்பங்கு வகிக்கும் தமிழ்நாட்டில், மொத்த விழுக்காடு உயர்ந்திருப்பதைப் பார்த்து நலிவு குறைவு என்று முடிவு கட்டினால், மாத்திரையையும் ஊசியையும் நம்பியிருக்கும் இளம்பெண்கள் கணக்கிலிருந்தே நழுவிவிடுவார்கள். மணமாகாதவர்களின் தேவை பல அட்டவணைகளில் தொடக்கத்திலிருந்தே இல்லை. நிறைவேறாத கருத்தடைத் தேவை நம் கணக்கெடுப்பு அறிக்கைகளில் பெரும்பாலும் திருமணமான பெண்களுக்கு மட்டுமே வெளியிடப்படுகிறது. வெளிமாநிலத்திலிருந்து சூளைக்கு வந்து, எந்தச் செவிலியரின் பதிவேட்டிலும் ஏறாமல் ஆறு மாதம் தங்கிப் போகும் குடும்பங்களின் நிலையும் இதுதான்.

இத்தனை சுட்டிகளையும் சேர்த்து ஒரே குறியீட்டு எண்ணாக்குவதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பெண் கல்வி, குடும்ப வருமானம், வீட்டின் தரம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. மூன்றுக்கும் சம எடை கொடுத்தால் வறுமையை மூன்று முறை எண்ணியதாகும். எடையைச் சற்றே மாற்றிப் பார்த்து, முதல் பத்து ஒன்றியங்களின் வரிசை குலைகிறதா என்று சோதிக்காத குறியீட்டை நிதி ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பூஜ்யம் என்றால் என்ன?

பேரிடர் மாதத்தில் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் குறைந்தால், தேவை குறைந்தது என்று பொருளல்ல. அறிக்கை வராத நிலையத்தைக் கணினி பூஜ்யமாகப் பதிந்திருக்கலாம், சாலை இல்லாமல் பெண்கள் வராமல் போயிருக்கலாம், வேறு ஊர் நிலையத்தில் பார்த்திருக்கலாம். மூன்றையும் வேறுபடுத்தாமல் வரைந்த கோடு எதற்கும் உதவாது.

பாலியல் வன்முறையில் இந்தப் பிழை ஆபத்தாகவே மாறும். முகாமில் பதிவான நிகழ்வு குறைவாக இருப்பது, சொல்ல இடமில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். ஆகையால்தான் பேரிடர்களில் வன்முறை நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு பணியைத் தொடங்க வேண்டும் என்றும், எண்ணிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது என்றும் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்காத இடத்தில், தரவு வேண்டும் என்பதற்காக வீடு வீடாகச் சென்று இது குறித்துக் கேட்பது அந்தப் பெண்ணை மேலும் ஆபத்தில் தள்ளும். அங்கே அளக்க வேண்டியவை வேறு: வன்முறைக்கு உள்ளானவருக்குச் சிகிச்சை அளிக்கப் பயிற்சி பெற்றவர் அந்த நிலையத்தில் இருக்கிறாரா, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கையிருப்பில் உள்ளதா, கழிப்பறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் வெளிச்சமும் உண்டா.

மதிப்பீடு செய்த பிறகு வரும் முதல் புயலுக்குப் பின், சிவப்பு தீட்டிய ஒன்றியங்களில்தான் சேவை அறுந்ததா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் எழுதி வாங்கிய பயண நேரம், மருந்துக் கையிருப்பு, அடுத்த எட்டு வாரத்துக்குள் பிரசவத் தேதி உள்ளவர்கள் தங்கியிருக்கும் ஊர் ஆகிய விவரங்களை, ஜனவரியில் அதே செவிலியரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தால், எந்தச் சுட்டி பலித்தது, எது பலிக்கவில்லை என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.