மகள் ஊர் ஓமரு: பெங்குவின் வரும் சிற்றூரில் தங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் மகள் நியூசிலாந்தின் தென் தீவில், ஓமரு என்கிற கடலோர ஊரில் நர்ஸாக இருக்கிறாள். ஏறக்குறைய 14,000 பேர் வசிக்கும் ஊர். நானும் வீட்டுக்காரரும் இரண்டு முறை போய்த் தங்கிவிட்டு வந்தோம். முதல்முறை போனபோது மூன்று வாரம் ஜன்னலோரமே கழிந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. "எப்போ லீவு போடுவே, எங்கே கூட்டிட்டுப் போவே" என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவள் முகம் வாடியதைப் பார்த்தபின்தான் நாங்களே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினோம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற எல்லோருக்கும் அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை போவது நல்லது. அங்கே அப்போது கோடை. டிசம்பர் கடைசியில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பெங்குவின்கள் குஞ்சு வளர்க்கும் காலமும் அதுதான். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் டிசம்பர் நடுவில் தொடங்கிவிடும். கோடை என்றதும் பருத்திப் புடவையோடு போய்விடாதீர்கள். தெற்கிலிருந்து காற்று திரும்பினால் மதியத்திலேயே குளிரும். காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, காதை மூடும் குல்லா ஒன்று அவசியம். வெயிலும் அங்கே சட்டென்று தோலைச் சுட்டுவிடும், அதனால் சன்ஸ்கிரீன் பூசாமல் நடக்க வேண்டாம்.

படி 2: விசா, மருந்து, காப்பீடு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசிட்டர் விசா வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். மகனோ மகளோ எழுதும் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், ஊரில் வீடு, சொத்து, பென்ஷன் இருப்பதற்கான தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். அட்டையோடு வைத்து, டாக்டர் சீட்டையும் கூடவே வையுங்கள். கீழே விழுந்து கை உடைவது போன்ற விபத்துக்கு அங்கே ஏசிசி என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி அதில் வராது. அதனால் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

படி 3: பெட்டி கட்டும்போது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். கொண்டு போகும் உணவுப்பொருள் எதுவானாலும் 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பயணம் தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஆன்லைனில் நிரப்பும் பயணி அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு, அது இலவசம். எழுதிக் கொடுத்தால் அபராதம் கிடையாது. பார்ப்பார்கள், சரியென்றால் கையில் கொடுப்பார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

தேன், கறிவேப்பிலை, பழம், முளைக்கக்கூடிய விதை எதையும் எடுக்காதீர்கள். பால், நெய் சேர்ந்த இனிப்பும் வேண்டாம். நம் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் அந்த நாட்டுக்குள் இதுவரை நுழைந்ததே இல்லை. மாட்டையும் பாலையும் நம்பி வாழும் நாடு, அந்தக் கெடுபிடியில் நியாயம் இருக்கிறது. நாங்கள் கடையில் வாங்கிய சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் லேபிளோடு ஒரே பையில் வைத்துக் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். துளசி மாலை, தர்ப்பை போன்ற பூஜைப் பொருள்களையும் எழுதிக் காட்டுங்கள். செருப்பு, ஷூவின் அடியில் மண் ஒட்டியிருந்தால் புறப்படும் முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள், அதையும் பார்ப்பார்கள்.

படி 4: ஊர் போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச். பிறகு தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் சாலைப் பயணம். மகளை லீவு போடச் சொல்லத் தேவையில்லை, இன்னும் தெற்கே இருக்கும் டனீடின் நகருக்குப் போகும் இன்டர்சிட்டி பஸ் ஓமரு வழியாகத்தான் போகும். பகல் பஸ்ஸைப் பிடியுங்கள். ரக்காயா ஆற்றுப் பாலம் 1.7 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், அந்த நாட்டின் நீளமான சாலைப் பாலம் அதுதான். கோடையில் நம் ஊருக்கும் அங்கேயும் ஏழரை மணி நேர வித்தியாசம். முதல் இரண்டு நாள் தூக்கம் கண்ட நேரத்தில் வரும். பகலில் படுக்காமல் சமாளியுங்கள்.

படி 5: முதல் வாரம் வெறும் நடை

ஓமருவின் தெருக்களுக்கு பிரிட்டனின் ஆறுகளின் பெயர்: தேம்ஸ், டைன், டீஸ், செவெர்ன். தேம்ஸ் தெருதான் கடைவீதி. அதையும் கடலையும் மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. ஊர்க் கட்டடங்கள் பல இளமஞ்சள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. வெட்டி எடுக்கும்போது ரம்பத்தால் அறுக்கிற அளவுக்கு மெதுவாக இருக்கும் கல், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். துறைமுகத்தை ஒட்டிய ஹார்பர் தெருவில் பழைய தானியக் கிடங்குகளில் இப்போது கடைகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன.

எதிரில் வருகிறவர் புன்னகைத்தால் நீங்களும் "ஹலோ" அல்லது, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் வணக்கமான "கியா ஓரா" சொல்லுங்கள். எங்கள் ஆங்கிலம் அரைகுறைதான், அதற்காக யாரும் முகம் திருப்பவில்லை. காலையில் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடந்தால் நான்காம் நாள் நாயோடு வரும் பெரியவர் நின்று பேசுவார். எங்களுக்குக் காக்கநுய் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். பக்கத்துக் கடலோரக் கிராமமான காக்கநுயில் விளையும் தக்காளியும் சின்னச் சின்ன உருளையும் பேர்போனவை. அந்தப் புது உருளையில் பொடிமாஸ் செய்து பாருங்கள், தோல்கூட உரிக்க வேண்டாம்.

1876-ல் தொடங்கிய பூங்கா ஒன்று ஊர் நடுவில் இருக்கிறது. அங்கே நடந்தால் வாலை விசிறியாக விரித்தபடி ஒரு சிறு குருவி கூடவே வரும். மாவோரி மொழியில் பிவாகாவாகா. நம் தோட்டங்களில் இருக்கும் விசிறிவாலுக்குச் சொந்தம். நாம் நடக்கும்போது கிளம்பும் பூச்சியைப் பிடிக்கத்தான் பின்தொடர்கிறது, அதனால் ரொட்டி போடாதீர்கள். துறைமுகத்தில் உடைந்து நிற்கும் பழைய மரப் பாலம் முழுக்க ஒட்டாகோ நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும். அங்கே ஒரு பெஞ்சில் காலை முழுக்க உட்காரலாம். புல்லில் கால் வைக்கப் பயப்பட வேண்டாம், அந்த நாட்டில் பாம்பே கிடையாது.

படி 6: ஒரு நாள் மொயராக்கி

தெற்கே 40 கிலோமீட்டர். கடற்கரையில் உருண்டைப் பாறைகள், சில ஆள் உயரத்துக்கும் மேல். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில், முத்து வளர்வதுபோல் ஒரு கருவைச் சுற்றி இறுகியவை. முன்னோரின் படகு உடைந்து கரை ஒதுங்கிய மீன் கூடைகளும் சுரைக்குடுக்கைகளும் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளுமே இந்தப் பாறைகள் என்பது மாவோரி கதை. கடல் வற்றும் நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து கட்டிக்கி முனைக்குப் போனால் 1878-ல் கட்டிய மரக் கலங்கரை விளக்கம். கீழே பாறைகளில் ஃபர் சீல்கள், அதாவது கடல்நாய்கள், தூங்கும். பாறையின் நிறமேதான் அவற்றுக்கும். படம் எடுக்கும் ஆசையில் நான் ஒன்றைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டேன். அது எழுந்து உறுமியது, மகள் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கடலுக்கும் சீலுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள், அதன் தப்பிக்கும் வழி அதுதான். 20 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். மஞ்சள் கண் பெங்குவின், மாவோரியில் ஹொய்ஹோ, அரிதாகிவிட்ட உயிர். பார்ப்பதற்கென்றே அமைத்த மறைவிடத்துக்குள் இருந்து மட்டுமே பாருங்கள்.

படி 7: நீலப் பெங்குவினுக்குக் காத்திருப்பது

மாவோரியில் கொரோரா. உலகிலேயே சிறிய பெங்குவின். ஏறக்குறைய ஒரு அடி உயரம், ஒரு கிலோ எடை. முதுகு நீலம், வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கடலோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தோடும் கலந்துவிடும். விடியும் முன் கடலுக்குப் போய், இருட்டியபின் கூட்டமாகக் கரையேறும்.

முதல்முறை டிக்கெட் எடுத்து ஓமருவின் பெங்குவின் காப்பகத்துக்கே போங்கள். கைவிடப்பட்ட கல் குவாரியில் குடியேறிய பெங்குவின்களுக்கு ஊரார் மரப்பெட்டிக் கூடுகள் செய்துவைத்து வளர்த்த இடம் அது. கறுப்பு நிற உடை, போர்வை, ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள். போனை அணைத்துவிடுங்கள், அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. முதலில் நீரின் மேல் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அப்புறம் அலையோடு வந்து பாறையில் விழுந்து எழுந்து, அங்கேயே நின்று இறகைக் கோதும். அவசரப்படாது. நடுவில் மனிதர் நின்றால் மறுபடி கடலுக்கே திரும்பிவிடும், கூட்டில் குஞ்சு பசியோடு கிடக்கும். நாங்கள் போன இரவு பேத்தி அறுபத்து மூன்று வரை எண்ணினாள். பகலெல்லாம் நின்று வேலை பார்த்த மகள் அன்றைக்கு என் தோளில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறைகளுக்கு டிக்கெட்கூட வேண்டாம். துறைமுகச் சாலையோரம் இருட்டியபின் நின்றாலே தென்படும், பழைய கட்டடங்களின் அடியிலும் அவை கூடு கட்டுகின்றன. டார்ச்சை அவற்றின் மேல் அடிக்காதீர்கள். குறுக்கே வந்தால் அது கடந்து போகும்வரை அசையாமல் நில்லுங்கள். நிறுத்தியிருந்த காரை எடுக்கும் முன் குனிந்து சக்கரத்தின் அடியில் பாருங்கள், சில சமயம் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். எங்கள் பேத்தி இப்போது பள்ளிக்கூட வாசலில், பட்டப்பகலில் கார் ஏறும்போதும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.