ரெகுலேட்டர் ஹோஸில் குமிழி: நான்கு நாள் கழித்துப் பிடிபட்டது

புதுச்சேரியில் ஸ்கூபா டைவ் செய்தபோது, என் தலைக்குப் பின்னால் மெல்லிய குமிழி வரிசை வருவதாகக் கூட வந்தவர் சைகை காட்டினார். வீட்டில் சிலிண்டரை மாட்டித் திறந்து, ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை (சிலிண்டரில் மாட்டி காற்றழுத்தத்தைக் குறைக்கும் பகுதி) வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். ஆக்டோபஸ் (மூச்சுவிட உதவும் உதிரி வாய்ப்பகுதி) ஹோஸின் அடியில் மூன்று, நான்கு விநாடிக்கு ஒரு குமிழி.

ஹோஸ் தளர்ந்திருக்கும் என்று காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்கினேன். மாற்றமே இல்லை. அப்புறம் ஹோஸ் முனையில் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது 011 அளவு ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டேன். அதே குமிழி. இன்னும் இறுக்கத் தோன்றியது, நல்ல வேளை செய்யவில்லை. காற்றை அடைப்பது ஓ-ரிங்தான், முறுக்கு அல்ல. அதிகம் போட்டால் பித்தளை மரைதான் கெடும்.

நான்காம் நாள் கண் வைத்துப் பார்த்தேன். குமிழி ஹோஸ் திருகும் துளையான போர்ட்டிலிருந்து கிளம்பவில்லை, ஹோஸ் மேல் போட்டிருக்கும் ரப்பர் உறையின் விளிம்பிலிருந்து கிளம்பியது. உறையைப் பின்னுக்குத் தள்ளியதும் தெரிந்துவிட்டது: ரப்பர் உலோகத்துக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. உறைக்குள்ளேயே காற்று ஓடி வந்து போர்ட் பக்கம் வெளியேறியிருக்கிறது.

அந்த ஹோஸை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. புதியது வாங்கினேன். ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, விரலாலேயே கடைசி வரை திருகினேன். பாதியில் முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். பிறகு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனரில் 4.5 நியூட்டன் மீட்டர். மணிக்கட்டால் ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். வாளியில் பத்து நிமிடம் வைத்தேன், ஒரு குமிழிகூட இல்லை. நிம்மதி.

இப்போது கழுவும்போதெல்லாம் உறைகளைத் தள்ளிப் பார்க்கிறேன்.