எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலில் கூட்ட அறை வாடகைக்கு எடுப்பது எப்படி?

லண்டனில் தேம்ஸ் நதியில், டவர் பாலத்துக்குச் சற்று மேற்கே நங்கூரமிட்டு நிற்கிறது இந்தப் போர்க்கப்பல். 1938-ல் நீரில் இறக்கப்பட்டது. 1943 டிசம்பர் 26 அன்று நார்வேயின் வடகோடிக்கு அப்பால் ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த நார்த் கேப் சண்டையிலும், 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்திலும் பங்கெடுத்தது. 1971 முதல் அருங்காட்சியகம். இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இதன் அறைகளைக் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள்.

முதல்முறை எடுப்பவர்கள் ஹோட்டல் அறை பார்ப்பதுபோல இருக்கை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் கப்பலில் முதலில் கேட்க வேண்டியது, அந்த அறைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத்தான்.

1. வருபவர்களைப் பட்டியலிடுங்கள்

எத்தனை பேர், அவர்களில் முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் வருபவர் யாராவது உண்டா என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்க மேல்தளம்வரை படியில்லாமல் போகலாம். அதன்பின் பல இடங்களுக்குச் செங்குத்தான இரும்பு ஏணிப்படிதான். கதவுகளின் அடியில் உயர்ந்த விளிம்பு இருக்கும். ஒரு பகுதியில் நீர் புகுந்தால் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க வைத்தது அது. சக்கரம் வைத்த பெட்டியை அங்கே உருட்ட முடியாது, தூக்கித்தான் போக வேண்டும்.

2. அறையைத் தேர்ந்தெடுங்கள்

அதிகாரிகளின் உணவறையான வார்டுரூம், மாலுமிகளின் பெரிய சாப்பாட்டுக்கூடம் என வெவ்வேறு அளவில் அறைகள் உண்டு. எண்ணிக்கை கேட்கும்போது எந்த அமைப்புக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள். வரிசையாக நாற்காலி போட்டால் கொள்ளும் கூட்டம், ‘யு’ வடிவில் மேசை போட்டால் பாதிகூடக் கொள்ளாது. திரை வைக்கும் இடமும் அதிலிருந்தே கழியும். கூரை தாழ்வு, குழாய்கள் தொங்கும். திரையை உயரத்தில் வைக்க முடியாது. ஆகவே பின்வரிசைக்காரர் கண்ணுக்குத் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

3. நேரில் போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. கப்பல் மிதப்பதால் அலையேற்றத்தோடு உயர்ந்து தாழும். பெரிய ஏற்றவற்றக் காலத்தில் வேறுபாடு சுமார் 7 மீட்டர். கரையிலிருந்து போகும் நடைபாலத்தின் சரிவும் அதற்கேற்ப மாறும். லண்டன் துறைமுக ஆணையத்தின் அலை அட்டவணையில், உங்கள் கூட்டம் தொடங்கும், முடியும் நேரங்களில் நீர் எந்த நிலையில் இருக்கும் என்று பாருங்கள். அலையேற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

போகும்போது மடிக்கணினியையும் கைபேசியையும் கொண்டுபோங்கள். எஃகுச் சுவர் சிக்னலைத் தடுக்கும். அந்த அறைக்குள்ளேயே வைஃபையில் காணொளி அழைப்பு ஒன்று போட்டுப் பாருங்கள். பகல் நேரமென்றால் மேலே பார்வையாளர்கள் நடக்கும் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் கவனியுங்கள்.

4. விலைப்புள்ளியை வரிவரியாகப் படியுங்கள்

வாட் வரி 20 சதவீதம் சேர்ந்ததா? ஒலிபெருக்கி, திரை, தொழில்நுட்ப உதவியாளர், பாதுகாவலர் உள்ளடக்கமா? வாடகை நேரத்தில் அறையை அமைப்பதும் காலி செய்வதும் அடங்குமா? ரத்துசெய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு போகும்? இறுதி எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும்? பதில்கள் மின்னஞ்சலில் வரட்டும். முன்பணம் கட்டாதவரை தேதி உங்களுடையதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. உணவும் விளக்கும்

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இத்தகைய இடங்களில் அநேகமாக அவர்கள் ஏற்பாடு செய்த சமையல்காரர்தான். முட்டைகூடச் சேராத சைவமா, வெங்காயம் பூண்டு வேண்டாமா என்று எழுத்தில் கொடுங்கள். ‘வெஜிடேரியன்’ என்றால் அங்கே முட்டையும் பாலாடைக்கட்டியும் வரும்.

குத்துவிளக்கேற்றித் தொடங்குவது நம் வழக்கம். வரலாற்றுக் கப்பலுக்குள் திறந்த தீயை அநேகமாக அனுமதிக்க மாட்டார்கள். மின்திரி விளக்கு கொண்டுபோங்கள். பதாகையைச் சுவரில் ஆணியடிக்கவோ ஒட்டவோ கூடாது, பெயிண்ட் உரியும். தானாக நிற்கும் பதாகையே சரி.

6. சாமான் ஏற்றும் ஏற்பாடு

கப்பலை ஒட்டிய ஆற்றங்கரையான குவீன்ஸ் வாக், நடப்பவர்களுக்கான பாதை. வண்டியை டூலி தெரு பக்கம் நிறுத்திக் கையால் சுமக்க வேண்டியிருக்கும். எங்கே, எத்தனை நிமிடம் நிறுத்தலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தெரு, மத்திய லண்டனுக்குள் வரும் வண்டிகளுக்கு விதிக்கும் நெரிசல் கட்டண எல்லைக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்கருவிகளுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்றும், உங்கள் ஒலி, ஒளி ஆட்களுக்குப் பொதுப்பொறுப்புக் காப்பீடும் கேட்பது வழக்கம். இரண்டின் நகலையும் முன்கூட்டியே அனுப்புங்கள்.

7. அழைப்பிதழில் எழுத வேண்டியவை

லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியை எழுதுங்கள். தட்டையான செருப்பு அணிந்து வரச் சொல்லுங்கள். பெரிய பெட்டி வேண்டாம் என்றும் குறிப்பிடுங்கள். நுழைவாயிலில் பையைச் சோதிக்கக்கூடும். தொடக்க நேரத்துக்கு 20 நிமிடம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.