ரசவாத வட்டம் வரையலாம் வாங்க

ஜப்பானிய அனிமேஷனான அனிமேயில் மந்திர வட்டம் வந்தாலே காட்சியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். ஹிரோமு அரகாவாவின் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது, 2001 முதல் 2010 வரை வந்தது, அனிமேயாக 2003இலும் 2009இலும் எடுத்தார்கள். இதன் வட்டங்களில் வரும் முக்கோணங்களுக்குப் பழைய ஐரோப்பிய ரசவாதத்திலேயே அர்த்தம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வரைந்தால்தான் உங்கள் வட்டத்துக்கு உயிர் வரும்.

முதலில் காம்பஸை 6 செ.மீ. விரித்து வட்டம் போடுங்கள். கதையில் ஆற்றலை ஓடவிடுவதே இந்த வட்டம்தான், அதனால் கோடு எங்கேயும் விட்டுப்போகக் கூடாது. அப்புறம் விரித்த அளவை மாற்றாமல் வட்டத்தின் உச்சியில் முள்ளை ஊன்றி ஒரு வில் வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் ஊன்றி அடுத்தது, இப்படியே சுற்றி வந்தால் சரியாக 6 புள்ளிகள் கிடைக்கும். கடைசி வெட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து விழவில்லையா? காம்பஸ் நெகிழ்ந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். இங்கே கொஞ்சம் பிசகினாலும் நட்சத்திரம் கோணிவிடும்.

புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேருங்கள், இரண்டு முக்கோணங்கள் வரும். மேல்நோக்கியது நெருப்பு, கீழ்நோக்கியது நீர். நெருப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டால் காற்று, நீரின் குறுக்கே போட்டால் நிலம். இப்போது உங்கள் தாளைப் பாருங்கள்: ஒரு முக்கோணத்தின் அடிக்கோடே மற்றதற்குக் குறுக்குக்கோடாகியிருக்கிறது, நான்கு பூதங்களும் ஒரே நட்சத்திரத்தில் அடங்கிவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், எத்தனை தடவை வரைந்தாலும் அலுக்காது.

அடுத்து, இந்த வட்டம் என்ன வேலை செய்யும் என்று முடிவு செய்து அதற்கேற்ற சின்னம் வையுங்கள். கதையில் நெருப்பைக் கையாளும் ரசவாதி ராய் மஸ்டாங்கின் வெள்ளைக் கையுறையில் தீச்சுடரும் பல்லி போன்ற சாலமாண்டரும் இருக்கும். நெருப்பிலேயே வாழும் பிராணி என்று ஐரோப்பியர் ஒரு காலத்தில் நம்பியது அதைத்தான். அவர் விரலைச் சொடுக்கினால் கையுறைத் துணி பொறியைத் தரும், அந்தப் பொறி எங்கே எப்படி எரிய வேண்டும் என்பதை வட்டம் பார்த்துக்கொள்ளும். கையுறை நனைந்தால் பொறி வராது, மழையில் மனிதர் திண்டாடிப்போவார்!

வட்டம் தரையில் கிடப்பதுபோல் காட்ட அதை நீள்வட்டமாக அமுக்குங்கள், உள்ளே இருக்கும் நட்சத்திரத்தையும் சேர்த்து. ஒளி கீழிருந்து வருவதால் நடுவில் நிற்கும் ஆளின் தாடையடியிலும் மூக்கின் அடிப்பக்கத்திலும் வெளிச்சம் வையுங்கள், நெற்றியை இருட்டாகவே விட்டுவிடுங்கள்.