பழைய ரயில் பாலங்களைத் தீயிலிருந்து காப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கான வழிகாட்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் ரயில் பாதை 1979இல் திறக்கப்பட்டது. குழித்துறையில் தாமிரபரணியைக் கடக்கும் பாலம் போன்றவை நூறாண்டு நிலைத்து வரலாற்றுச் சின்னங்களாக வேண்டுமென்றால், தீயிலிருந்து காக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

இரும்பும் கல்லும் எரியாது என்ற நம்பிக்கைதான் முதல் ஆபத்து. வேல்ஸில் 1850இல் கட்டப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்குள் 1970 மே மாதம் நுழைந்த சிறுவர்களின் கைத்தீ, ரயில் உள்ளே ஓடும் பெரிய இரும்புக் குழாய்களின் மேலிருந்த தார் பூசிய மரக்கூரையில் பற்றியது. அந்த வெப்பத்தில் குழாய்கள் தொய்ந்துபோக, பாலத்தையே வேறு வடிவில் கட்ட நேர்ந்தது. அமெரிக்காவின் பொக்கீப்சி பாலத்தில் 1974இல் தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் எரிந்த பிறகு ரயிலே ஓடவில்லை. எஃகு ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியஸில் தன் வலுவில் பாதியை இழக்கிறது. அதற்கு வெகு முன்பே, 200 டிகிரி கூடுதலாகச் சூடேறும் 30 மீட்டர் உத்தரம் சுமார் 72 மில்லிமீட்டர் நீள்வதால், அதைத் தாங்கும் முனைகளும் இணைப்புகளும் பழுதடையலாம்.

ஆகவே பாலத்தின் அடியில் எரிபொருள் சேராமல் தடுப்பதே மிக முக்கியமான பணி. வடகிழக்குப் பருவமழையில் செழித்த புல் தை, மாசி மாதங்களில் காய்ந்துவிடுகிறது. ரப்பர்த் தோட்டங்கள் இலையுதிர்ப்பதும் ஏறத்தாழ அக்காலமே. பாலத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் சருகு, தென்னை ஓலை, மட்டை, கிழிந்த மீன்வலை, நெகிழிக் குழாய் ஆகியவற்றை அங்கே குவிக்காமல், பொங்கலுக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். ரயில்வே நிலத்தில் நாமாக இறங்காமல், அந்தப் பகுதியைச் சுத்தம் செய்யுமாறு நிலைய மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்பதே முறை. ஊராட்சியோ பேரூராட்சியோ பாலத்தடியில் குப்பை எரிப்பதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்கக்கூடாது. பாலத்தில் கட்டிய மலைத்தேன் கூட்டைக் கலைக்க ஓலைச் சூட்டு கொளுத்துவதும் அதே அளவு ஆபத்தானது. பிரிட்டானியாவை அழித்ததும் இதுபோன்ற சிறு தீதான்.

பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்கள், கழற்றிய பழைய மரக்கட்டைகளைப் பாலத்தின் முனைகளில் அடுக்கி வைக்கக்கூடாது. அவற்றில் ஊறிய எண்ணெய் தீயை வளர்க்கும். வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ நடந்தால், வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே நின்று கவனிக்க வேண்டும். கோடையில் ஆறு வற்றும்போது அருகிலுள்ள எந்தக் குளத்தில் நீர் எடுக்கலாம், தீயணைப்பு வண்டி எந்த வழியில் இறங்கலாம் என்பதைத் தீயணைப்பு நிலையத்தினரோடு சேர்ந்து முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

தீயைக் கண்டால் முதலில் ரயிலை நிறுத்தச் செய்ய வேண்டும். அருகிலுள்ள கேட்கீப்பருக்கோ நிலைய மேலாளருக்கோ தகவல் கொடுங்கள், அல்லது 139ஐ அழையுங்கள். தீயணைப்புக்கு 101 அல்லது 112. பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் இடத்தை உடனே கண்டுபிடிப்பார்கள். மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுவதால், மின்சாரத்தைத் துண்டித்ததாக ரயில்வே உறுதி செய்யும்வரை யாரும் தண்ணீர் பாய்ச்சக்கூடாது, தண்டவாளத்திலும் ஏறக்கூடாது.

தீ அணைந்த பின், பொறியாளர் பார்த்து அனுமதிக்கும் வரை எந்த ரயிலும் கடக்கக்கூடாது. வார்ப்பிரும்பு உள்ள பழைய பாலமானால், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் அதில் விரிசல் விழலாம் என்பதால், தானாக ஆறவிடுவதே நல்லது. கருமையைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதற்கு முன், பெயின்ட் உரிந்த இடம், தொய்ந்த உத்தரம், தளர்ந்த ஆணி, செதில் செதிலாக உதிர்ந்த கல் ஆகிய எல்லாவற்றையும் படமெடுத்து அளந்து பதிவு செய்ய வேண்டும். எதை அப்படியே விட்டுவைக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்ய இந்தப் பதிவுகள் தேவைப்படும்.